கணபதி ஸ்தபதியும் கல்லின் கணக்கும்

ஆண்டு மலர்களைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு ஒன்று எளிதிற் புலனாகும். கம்பனைப் பற்றியும் இளங்கோவைப் பற்றியும் பாரதியைப் பற்றியும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் நம்மிடையே நிரம்ப உள. சிற்பி ஒருவனைப் பெயர் சுட்டி, அவன் செய்த பொருளை முன்வைத்து, இஃது இவ்வளவிற் சிறந்தது, இவ்விடத்திற் குறைந்தது என ஆராயும் கட்டுரையோ அரிதினும் அரிது. கோயிலுக்குச் செல்கின்றோம், திருவுருவைத் தொழுகின்றோம், அதனை வடித்தவர் யாவர் என வினவுவதில்லை. தொழப்படும் பொருளை ஆராய்தல் அபசாரமாகும் எனும் அச்சம் இதற்கு ஒரு காரணமாகலாம். கவிதை கலை, சிற்பம் கைத்தொழில் என்ற பழைய தப்பெண்ணம் மற்றொரு காரணம். இவ்விரண்டினையும் சிறிது ஒதுக்கி வைத்து, நம் காலத்தே வாழ்ந்து 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் மறைந்த வை. கணபதி ஸ்தபதி அவர்களின் ஆக்கங்களை ஆராயப் புகுகின்றேன். யான் உளி பிடித்தவன் அல்லன். தமிழும் கணிதமும் கற்பிக்கும் பாடசாலை ஆசிரியன். ஆதலின், கண்டவற்றையும் கணக்கிட்டவற்றையுமே ஈண்டுக் கூற இயலும்.

காரைக்குடிக்கு அண்மையிலுள்ள பிள்ளையார்பட்டியில் 1927ஆம் ஆண்டு கணபதி ஸ்தபதி பிறந்தார். குன்றைக் குடைந்து அமைத்த கற்பக விநாயகர் கோயிலால் பெயர்பெற்ற ஊர் அது. தந்தையார் வைத்தியநாத ஸ்தபதி தம் காலத்துச் சிற்பியருள் முதன்மையானவர். பரம்பரைத் தொழிலோடு நின்றுவிடாது, காரைக்குடி அழகப்பா கல்லூரியிற் கணிதம் பயின்று மைந்தர் பட்டம் பெற்றார். இச்செய்தியைப் பலர் வரலாற்றுக் குறிப்பாகச் சொல்லிக் கடந்து விடுகின்றனர். அவர் தொழிலின் திறவுகோல் இதுவே என்பது என் கருத்து. பழனி முருகன் கோயிலிற் சில காலம் ஸ்தபதியாகப் பணிபுரிந்தார். பின்னர், 1957இல் அரசினர் மாமல்லபுரத்தில் நிறுவிய சிற்பப் பயிற்சி நிலையத்தின் தலைமையைத் தந்தையாரை அடுத்து ஏற்று, 1988 வரை அதனை நடத்தினார். பயிற்சி நிலையமாய்த் தொடங்கியது கல்லூரியாய் வளர்ந்தமை அவர் காலத்தில். இந்திய அரசு 2009இல் அவருக்குப் பத்மபூஷண் விருதளித்தது.

தந்தை மகனுக்கும் ஆசான் மாணாக்கனுக்கும் பட்டறையில், கையோடு கை வைத்துக் கற்பித்து வந்த ஒரு தொழிலை வகுப்பறைக்குள், கரும்பலகைக்கு முன், பாடத்திட்டமும் தேர்வும் உடைய கல்வியாக மாற்றுதல் எத்துணை இடர்ப்பாடு உடையது என்பதை ஆசிரியத் தொழில் புரிவோர் அறிவர். கை அறிந்ததை வாய் சொல்லல் வேண்டும். வாய் சொல்வதை நூல் எழுதல் வேண்டும். அவர் 1978இல் தமிழில் எழுதிய ‘சிற்பச் செந்நூல்’ இவ்விடர்ப்பாட்டின் விளைவே. வடமொழிச் சுவடிகளிலும் தொழிலாளர் வாய்மொழியிலும் சிதறிக் கிடந்த அளவு முறைகளை வரைபடங்களோடு தமிழிற் தொகுத்துத் தந்தமையால், விசுவகர்ம மரபிற் பிறவாத மாணாக்கனும் அவற்றைக் கற்க வழி பிறந்தது.

நம் நாட்டாருக்கு இவ்விடத்தில் ஓர் ஒப்புமை தோன்றாமற் போகாது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. வழக்கொழிந்து போன யாழின் நரம்புகளைக் கணிதத்தின் துணைகொண்டு மீட்டு, 1947இல் யாழ்நூலைத் தமிழுலகுக்கு அளித்தவர் அவர். அடிகள் இசைக்குச் செய்ததையே ஸ்தபதியார் கல்லுக்குச் செய்ய முனைந்தார் எனலாம். தாளம் என்னும் சொல்லும் இரு துறைக்கும் பொதுவாக அமைந்திருப்பது கருதத்தக்கது. இசையிற் காலத்தை அளப்பது தாளம். சிற்பத்தில் உடலை அளப்பது தாளம்.

சிற்பத்துத் தாளம் யாதென மாணவர் அறிதல் நன்று. நெற்றியில் மயிர் தொடங்கும் இடந்தொட்டு மோவாய் வரையுள்ள முகத்தின் நீளமே ஒரு தாளம். அது பன்னிரண்டு அங்குலமாகப் பகுக்கப்படும். இவ்வங்குலம் அடிக்கோலின் அங்குலம் அன்று. உருவம் பெரிதாயின் தானும் பெருகி, உருவம் சிறிதாயின் தானும் சுருங்குவது. உருவின் தகுதிக்கேற்ப எத்தனை முகம் உயரம் என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. எட்டு முகம் எட்டுத்தாளம். ஒன்பது முகம் நவதாளம், 108 அங்குலம். சிவன், திருமால் ஆகிய பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தசதாளம் 124 அங்குலம். கையின் நீளமும் முகத்தின் நீளமும் ஒன்று என்பது இம்முறையின் அடிப்படை. ஆகவே, முகம் ஒன்று கிடைத்தால் முழு உடலும் கிடைக்கும்.

இனி, அவர் பெயரை உலகறியச் செய்த குமரித் திருவள்ளுவர் சிலையை நோக்குவாம். 1979இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1990இல் வேலை தொடங்கி, 2000ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் திறந்து வைக்கப்பெற்ற இச்சிலை பீடத்தோடு 133 அடி உயரமுடையது. பீடம் 38 அடி. அஃது அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கும். சிலை 95 அடி. அது பொருட்பாலின் 70 அதிகாரங்களையும் இன்பத்துப்பாலின் 25 அதிகாரங்களையும் குறிக்கும். அறத்தின்மேற் பொருளும் இன்பமும் நிற்கின்றன என்பது கருத்து. இவ்விளக்கத்தை இன்று சிறுவரும் ஒப்பிப்பர். ஆனால், ஓர் உருவத்தின் அழகை அதன் உயரத்தின் குறியீடு கொண்டு மெச்சுதல், செய்யுளின் நயத்தை அதன் எழுத்துக்களை எண்ணி மெச்சுவது போலாகும்.

வெளிவாரியாகப் பட்டம் பெற்றோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. நூலிலுள்ள ஐயத்தைக் கேட்டுத் தெளிய விரிவுரையாளர் அருகில் இன்மையால், இரவில் விளக்கடியில் அமர்ந்து தாமே கணக்கிட்டுப் பார்த்துத் தெளிவர். அப்பழக்கம் என்னை விட்டபாடில்லை. சிலையின் உறுப்பளவுகளாக வெளியிடப்பட்டவற்றை வைத்து யானும் ஒருநாட் கணக்கிட்டேன். முகம் 10 அடி என்றும் கொண்டை 5 அடி என்றும் கூறப்படுகின்றன. 95 அடியிற் கொண்டையை நீக்கின் எஞ்சுவது 90 அடி. பத்தடி முகத்துக்குத் தொண்ணூறு அடி உடல். அஃதாவது ஒன்பது முகம், நவதாளம். கைத்தலம் 10 அடி. கையிலேந்திய ஏடும் 10 அடி. முகம், கை, ஏடு என்னும் மூன்றும் ஓரளவின.

எத்தகைய இக்கட்டு அச்சிற்பிக்கு நேர்ந்ததென்பது இப்பொழுது விளங்கும். 95 என்னும் எண்ணை அவருக்குத் தந்தது நூலின் அதிகாரத் தொகை, சிற்ப நூலன்று. முகத்தளவுக்குள் எளிதில் அடங்காத எண் அது. கொண்டைக்கு ஐந்தடியை ஒதுக்கி, எஞ்சியதை ஒன்பதாற் பகுத்துத் தம் மரபின் அளவுக்குள் அதனைக் கொணர்ந்திருக்கின்றார். புலவர் தந்த எண்ணைச் சிற்பி சிற்பத்தின் எண்ணாக ஆக்கிக்கொண்ட இத்திறமே அச்சிலையின் உயரத்தினும் பெரிதென்று யான் கருதுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் சிலருடன் தல யாத்திரை சென்றபோது அச்சிலையைப் படகிலிருந்து கண்டேன். தொலைவில் முதலிற் கண்ணிற்படுவது முகமன்று, இடை. உடல் நேரே நில்லாது இடையிற் சற்றே வளைந்து நிற்கின்றது. ஏறக்குறைய 7,000 தொன் கல்லை அடுக்கி எழுப்பிய உருவொன்று மூச்சு விடுவதுபோலத் தோன்றுவது இவ்வளைவினாலேயே. பாரம் முழுதும் நேர்க்கோட்டில் இறங்குமாறு நிமிர்த்தி நிறுத்தியிருப்பின் கட்டுவோர்க்கு எளிதாயிருந்திருக்கும். நியூயோர்க்குத் துறைமுகத்துச் சுதந்திர தேவி 1886இல் இரும்புச் சட்டத்தின்மேற் செப்புத்தகடு போர்த்து நிறுவப்பெற்றவள். குஜராத்தில் 2018இல் திறக்கப்பட்ட 182 மீற்றர் உயரமுடைய பட்டேல் சிலையும் உள்ளே உருக்கும் கொங்கிறீற்றும், வெளியே வெண்கலமும் கொண்டது. குமரியில் நிற்பதோ கோயிற் கோபுரம்போலக் கல்லின்மேற் கல் ஏற்றி, உள்ளே வெற்றிடம் விட்டு, கல் உத்தரங்களாற் பிணைத்துக் கட்டிய உருவம். அதனைச் சிலை என்பதிலும் சிலையின் வடிவு பூண்ட கட்டடம் என்பதே பொருந்தும். வடிப்பவனும் கட்டுபவனும் ஒருவனேயாகிய ஸ்தபதி மரபினர்க்கே இது கைகூடும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் காலையிற் கடல் பொங்கியபோது அலைகள் அச்சிலையையும் மோதின. சிலை அசையாது நின்றது. அதே காலையில் நம் கல்லடிக் கரையிற் திருச்செந்தூர் முருகன் ஆலயத்துக் கோபுரம் சாய்ந்ததைக் கண்டோம். இவ்விரண்டினையும் எதிரெதிர் நிறுத்தித் தமிழகத்துச் சிற்பியரை உயர்த்தியும் நம்மவரைத் தாழ்த்தியும் பேசுவோர் உளர். அது நேர்மையன்று. அங்கே அடியிற் கிடப்பது கடற்பாறை. இங்கே கிடப்பது மணல்.

பூம்புகாரில் 1973இற் திறக்கப்பெற்ற சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பற்றி மட்டக்களப்பார் பேசாதிருத்தல் இயலாது. கோவலன் கண்ணகியின் கதை முழுவதையும் சுவரிற் புடைப்புச் சிற்பங்களாக மாமல்லபுரச் சிற்பியர் அங்கே அமைத்துள்ளனர். எழுநிலை மாடத்தின் அமைப்பில் ஸ்தபதியாரின் திட்டமிடும் ஆற்றல் நன்கு விளங்குகின்றது. ஆயினும் அச்சிற்பங்களின் முன் நின்றபோது என் உள்ளம் நிறைவடையவில்லை என்பதை ஒளிக்காமற் கூறுவேன். மணக்கோலத்துக் கண்ணகியும் சிலம்பேந்தி மன்னன் முன் நிற்கும் கண்ணகியும் கையாலும் கூந்தலாலும் வேறுபடுகின்றனர். என் கண்ணுக்கு முகத்தால் வேறுபடவில்லை. உணர்ச்சியை முகத்திற் காட்டாது மெய்யின் நிலையிலும் கைகளின் அமைதியிலும் காட்டுவது மரபு என விடை கூறுவர். உண்மை. தெய்வ வடிவங்களுக்கு அம்மரபு பொருந்தும். துன்பத்தாலே தெய்வமானவளுக்கு அது போதுமா என்பதே என் வினா.

நம் வாவிக் கரைக் கண்ணகி கோயில்களை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுதும் அடைத்திருந்த கதவு வைகாசியிற் திறக்கும். வழக்குரை படிப்பர், இறுதியிற் குளிர்த்தி பாடுவர். கோயில் சிறிது, சில இடங்களில் முழு உருவமும் இல்லை, முகக்களை மட்டுமே உண்டு. அளவு நூலார் முகத்திலிருந்து முழு உடலையும் பெறுவர்; நம் முன்னோரோ முகத்தோடு நிறுத்திக்கொண்டு, எஞ்சிய உடலைப் பாட்டினால் நிறைத்தனர். படுவான்கரைக் கிராமமொன்றில் விளக்கொளியிற் கண்ட அம்முகம் தந்த நடுக்கத்தைப் பூம்புகாரின் கற்சுவர் எனக்குத் தரவில்லை. அளவிற் குறைபாடில்லை, அளவுக்கு அப்பாற் செல்லவேண்டிய இடத்தில் அது நின்றுவிட்டது.

சென்னை வள்ளுவர் கோட்டத்தைப் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. திருவாரூர்த் தேரைப் போன்று 39 மீற்றர் உயரத்திற் கல்லிலே தேர் செய்தார்; 1330 குறளையும் மண்டபத்திற் பொறிக்கச் செய்தார். அதனை எடுப்பித்த அரசு 1976 ஜனவரியிற் கலைக்கப்பட, ஏப்ரலில் வேறு கைகளாற் திறப்பு விழா நடந்தேறியது. வேலைத்திறன் வியக்கத்தக்கது. எனினும், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தில் வடம் பிடித்தோர் தேரின் அழகு அதன் அசைவில் உள்ளதென்பதை அறிவர். அசையாத தேர் அவர்கள் கண்ணுக்குச் சற்று வாட்டமாகவே தோன்றும்.

அவருடைய கடைசிக் காலத்துப் பெருந்திட்டம் பசிபிக் மாகடலில் ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கவாய்த் தீவிலுள்ள இறைவன் கோயில். அதனை எண்ணியவர் நம் கொழும்புத்துறை யோகர் சுவாமிகளிடம் 1949இற் தீக்கை பெற்ற சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள். பெங்களூருக்கு அண்மையிற் சிற்பியர் குடியிருப்பொன்று அமைத்து, மின்பொறியின்றிக் கையுளியாலேயே வெண்கருங்கல்லைச் செதுக்கி, கடல்வழி அனுப்பிக் கோயிலாக இணைத்தனர். குடமுழுக்கு 2023இல் நிகழ்ந்தது. கண்டு மகிழ ஸ்தபதியார் இல்லை. ஒரு கல்லையும் தாம் தொடாமல், வரைபடத்தாலும் அளவாலும் ஆயிரக்கணக்கான கல் தொலைவில் ஒரு கோயிலை எழுப்புதற்கு வழி காட்டியவர் என்ற வகையில், அவரைச் சிற்பி என்பதோடு வடிவமைப்பாளர் என்றும் அழைத்தல் தகும்.

இத்துணை கணக்கறிந்தவர் கணக்கினாலேயே வழுவிய இடமும் ஒன்றுண்டு. மயன் என்னும் தெய்வத் தச்சனை வரலாற்று மாந்தனாகவும் தமிழனாகவும் அவர் கொண்டார். முதுமையில் அமெரிக்கக் கண்டத்து மாயர், இன்கர் கட்டடங்களைச் சென்று அளந்து, அவ்வளவுகள் நம் நூலளவோடு ஒத்திருப்பதாகக் கூறி, மாயர் மயன் வழியினரென முடிவு கட்டினார். மேடைகளில் இதற்குக் கைதட்டல் நிரம்பக் கிடைத்தது. மாணவர் இதனை ஏற்றல் ஆகாது. பெயரொலி ஒத்தல் உறவுக்குச் சான்றன்று. அளவு ஒத்தலும் தனித்து நின்று சான்றாகாது. மனிதனின் கையையும் காலையும் அளவுகோலாகக் கொண்ட எந்நாட்டுக் கட்டடத்திலும் ஒத்த எண்கள் சில தோன்றவே செய்யும். இடையே கல்வெட்டு வேண்டும், மொழிச்சான்று வேண்டும், புதைபொருள் வேண்டும். ஆசிரியரின் பெருமைக்காக அவர் பிழையைக் காத்தல் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

மாமல்லபுரத்திலிருந்து அதே கடற்கரை வழியே சென்னையை நோக்கிச் சென்றால் ஈஞ்சம்பாக்கத்திற் சோழமண்டலம் என்னும் கலைஞர் குடியிருப்பைக் காணலாம். சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் 1966இல் எழுந்தது அது. அங்கு வாழ்ந்த பி. வி. ஜானகிராம் செப்புத்தகட்டை அடித்து வளைத்துத் தெய்வ உருவங்களையும் அரசியரையும் செய்தார். நூலளவுக்கு அவை அடங்கா, ஆயினும் ஒருமுறை கண்டவர் மறவார். அவர்க்கு முற்பட்ட எஸ். தனபாலின் உருவங்களில் மண்ணைப் பிசைந்த விரலின் தடம் தெரியும். ஒரே கரையில், ஒரே காலத்தில், இரு பள்ளிகள் ஒன்றையொன்று திரும்பிப் பாராமல் வாழ்ந்தமை தமிழ்ச் சிற்பத்துக்கு நேர்ந்த இழப்பு என்பேன். இங்கிருந்தோர்க்கு அங்குள்ள இலக்கணமும் அங்கிருந்தோர்க்கு இங்குள்ள துணிவும் தேவைப்பட்டன. ஈழத்திற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டிலேயே இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்நாட்டுக் கைவினைஞரின் அளவு முறைகளையும் வாழ்க்கை முறைகளையும் விரிவாகப் பதிந்துவைத்தார். அதன் பின்னரும் நாம் கைவினைஞரைத் தேடிச் செல்லவில்லை.

இதனை யான் எழுத நேர்ந்த காரணம் ஒன்றுண்டு. ஆழிப்பேரலைக்குப் பின்னரும் 2009இற் போர் ஓய்ந்த பின்னரும் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கோயில்கள் விரைந்து புதுக்கப்பட்டன. வெளிநாட்டிலுள்ள உறவினரின் பணமும் வந்தது. எழுந்தவை பெரும்பாலும் சீமெந்துச் சுதை உருவங்கள். ஓரூரிற் கண்ட துவாரபாலகரையே மற்றோரூரிலும் காண்கின்றோம். வண்ணம் மிகுதி, கண் மட்டும் பெரிது. அயல்நாட்டிலிருந்து வேலைக்காரரை வருவித்து, வேலை முடிந்ததும் அனுப்பிவிடுகின்றோம். ஓர் இளைஞனையேனும் அவர் அருகில் இருத்திக் கற்க வைப்பதில்லை. எங்களூர்க் கோயிலொன்றிலும் இவ்வாறே நிகழ்ந்தது. உள்ளூர் ஆசாரியார் முதிரை மரத்திற் செய்த பழைய சப்பறத்துப் பாவைகள் இரண்டு, புதியன வந்ததும் மடைப்பள்ளிக்குப் பின்னாலுள்ள கொட்டிலிற் போடப்பட்டன. பல தலைமுறை எண்ணெய் ஏறிய மரம் அது. கறையானுக்கு விட்டார்கள். யான் சொல்லிப் பார்த்தேன். புதியதன் பளபளப்பில் அன்று எவரும் கேட்கவில்லை.

சென்ற விடுமுறையில் மேல்வகுப்பு மாணவர் இருவரை அழைத்துச் சென்று, அவற்றுள் ஒன்றைத் துடைத்து நிறுத்தினோம். மூக்கு முறிந்திருந்தது, முகத்தின் நீளம் கெடவில்லை. நூலொன்றை முகத்திற் பிடித்து மடித்து, அதே நூலால் உச்சியிலிருந்து பாதம் வரை அளந்தோம். எட்டு முகமும் சிறிது மிகையும் வந்தன. மாணவருள் ஒருவன் தன் கையையும் பாவையின் முகத்தையும் மாறி மாறி அளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வாசாரியார் எந்நூலைக் கற்றார் என்பதை இன்று யாரும் அறியார், கை அறிந்திருந்தது. அளவுகளைக் கணிதக் கொப்பியில் எழுதி வைத்திருக்கின்றோம். மற்றப் பாவை கொட்டிலின் உள்ளறையிற் கிடக்கின்றது. வரும் விடுமுறைக்குள் அதன் திறப்பைத் தேடி எடுத்துத் தருவதாக வண்ணக்கர் சொல்லியிருக்கின்றார்.